முழுக் கை என்றால் அஞ்சு

நல்லகாமன் தன் பெண்டாட்டியின் தம்பியை ஜாக்கி ராடால் அடித்துக் கையை முறித்தபோது நான் பக்கத்தில்தான் நின்றேன். தடுக்கவும் போனேன். போனவனுக்கு முழங்கையால் ஒரு இடி விழுந்து உதடு கிழிந்தது. அதற்கு மேல் தடுக்கவில்லை. லாரிகளுக்கு லோடு பிடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவன் அதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும், மாமன் மச்சான் சண்டைக்கு நடுவில் போய் நிற்கக் கூடாது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புத்தி வந்தது.

என் பெயர் ராதாகிருஷ்ணன். வண்டியூரில் ரிங் ரோட்டை ஒட்டின லாரி ஸ்டாண்டில் தகரக் கொட்டகை போட்டு புக்கிங் ஆபீஸ் வைத்திருக்கிறேன். எங்கள் சனத்தில் எல்லோரும் ஜவுளி, சாயம், பாங்கு வேலை என்று சட்டை கசங்காமல் இருக்க, நான் ஒருவன் மட்டும் டீசல் நாற்றத்தோடு வீட்டுக்குப் போவேன். என் மனைவி சூடாமணி என் துணியை மற்ற துணிகளோடு சேர்த்து ஊறப் போட மாட்டாள். அவளிடம் இந்த அடிதடிக் கதைகளை நான் சொல்வதில்லை. உதடு கிழிந்ததற்கு லாரிக் கதவு இடித்துவிட்டது என்றேன்.

மச்சினன் அழகுபாண்டி செய்த குற்றம் என்ன? மேலூர்ப் பக்கத்துக் குவாரியிலிருந்து தூத்துக்குடி துறைமுகத்துக்குக் கிரானைட் கல் லோடு ஏற்றிப் போனான், ஒரு கல்லே ஒரு லாரிக்குப் போதும். டன்னுக்கு நானூறு ரூபாய் வாடகைக்குப் போனான். அவ்வளவுதான். திரும்பி வந்து லாரியை விட்டுக் குதித்தவன் சிரித்துக்கொண்டே சொன்னான்.

"நாலுக்குத்தேன் போனேன் மச்சான். ரெண்டு கல்லு ஏத்துனேன், கட்டுபடி ஆயிருச்சு. ஒண்ணும் ஆகலயே."

நல்லகாமன் தன் லாரியின் சீட்டுக்கு அடியில் கையை விட்டு ராடை எடுத்தான். முதல் அடி தோளில் விழுந்தது. இரண்டாவது அடியைத் தடுக்க அழகுபாண்டி இடது கையைத் தூக்கினான், எலும்பு முறிந்த சத்தம் டீக்கடை வரை கேட்டது. பையன் மண்ணில் கிடந்து, "அம்மா, அம்மா" என்று கத்தினான். நல்லகாமன் அவன் நெஞ்சில் காலை வைத்துக்கொண்டு, "ஒண்ணும் ஆகலயா? இப்ப ஆயிருச்சுல்ல?" என்று கேட்டான். சொந்த மச்சினனை இப்படியா அடிப்பான் ஒருத்தன் என்று ஸ்டாண்டே கூடிவிட்டது.

அவன் ஏன் அடித்தான் என்பதைச் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அவனை வெறும் ரவுடி என்று நினைத்துக்கொள்வீர்கள். பாதி ரவுடிதான், அதை நான் மறுக்கவில்லை.

செக்கானூரணிக்கு மேற்கே ஒரு ஊர்க்காரன் அவன். கொஞ்சம் மானாவாரிக் காட்டை விற்றும் மிச்சத்துக்கு ஃபைனான்ஸ் போட்டும் பழைய ஆறு சக்கர லாரி ஒன்றை வாங்கித் தானே ஓட்டினான். ஒற்றை லாரிக்காரன் நிலைமை என்ன என்று கேளுங்கள். பெரிய கம்பெனிக்காரனுக்கு ஒரு லாரி நின்றால் இன்னொன்று ஓடும். இவனுக்கு நின்றால் அடுப்பு நிற்கும். அதனால் ஸ்டாண்டில் இருக்கும் ஒற்றை லாரிக்காரர்கள் எந்த வாடகை சொன்னாலும் தலையை ஆட்டுவார்கள். நல்லகாமன் ஆட்ட மாட்டான்.

அவன் வாடகை பேசுவதைப் பார்க்க வேண்டும். எம்புட்டு என்று முதலில் கேட்கவே மாட்டான். என்ன சரக்கு, எங்கே இறக்கணும், திரும்பி வர என்ன லோடு என்று கேட்பான். பிறகு லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வருவான். டயர் ஒவ்வொன்றையும் காலால் அழுத்திப் பார்ப்பான். கேபினில் ஏறி ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பான். லோடு கொடுக்க வந்த பார்ட்டி என்னைப் பார்ப்பார், நான் வானத்தைப் பார்ப்பேன். கடைசியில் இறங்கி வந்து, "ஏத்தச் சொல்லுங்கண்ணே" என்பான், அல்லது "சரி வராதுண்ணே" என்பான். நடுவில் ஒரு பேச்சு கிடையாது.

தூத்துக்குடியிலிருந்து வெறும் லாரியாகத் திரும்புவதற்குப் பதில் எல்லோரும் கிடைத்த வாடகைக்கு உப்பு ஏற்றி வருவார்கள். இவன் ஏற்ற மாட்டான், உப்பு லாரியின் அடிச்சட்டத்தை, அதுதான் சேஸை, அரித்துவிடும் என்பான். மழைக்காலத்தில் கேரளாவுக்கு வெங்காயம் ஏற்ற மாட்டான். ஆனால் எல்லோரும் சிரிக்கிற வாடகைக்கு வைக்கோல் ஏற்றிக்கொண்டு போவான். கனம் இல்லாத சரக்கு, டயர் தேயாது என்று கணக்கு. திருப்பரங்குன்றத்திலிருந்து நல்ல வாடகைக்கு ஒரு நூல் லோடு பிடித்து வைத்திருந்தேன், பார்ட்டி பேசுகிற தோரணை பிடிக்கவில்லை என்று விட்டுவிட்டுப் போனான். என் கமிஷன் போகிறதே என்று எனக்கு வயிறு எரிந்தது. "ஏன்டா, நீ என்ன லாரி வச்சிருக்கியா, கோயில் தேர் வச்சிருக்கியா?" என்று சண்டை போட்டேன்.

"அண்ணே, அவெங்க வாடகை குடுக்குறாக. நான் என்னத்தக் குடுக்குறேன்? டயர்ல கொஞ்சம், சேஸ்ல கொஞ்சம், என் இடுப்புல கொஞ்சம் வித்துக்கிட்டே இருக்கேன். அத எம்புட்டுக்கு விக்கிறேன்னு எனக்குத் தெரிய வேணாமா?" என்றான். எனக்கு இன்னும் கோபம்தான் வந்தது.

கல் லோடுக்கு மட்டும் இந்தக் கணக்கெல்லாம் அவன் போடுவதில்லை. அதற்கு ஒரே வாடகை, டன்னுக்கு ஐந்நூறு. ஸ்டாண்டில் அதை "அஞ்சு" என்போம். அதற்கும் கீழே எவனும் ஏற்றக் கூடாது. அது கண்ணுச்சாமி செத்த பிறகு வந்த சட்டம்.

கண்ணுச்சாமியும் எங்கள் ஸ்டாண்டு ஆள்தான், ஒற்றை லாரிக்காரன். தொண்ணூற்றெட்டில் நாலுக்குக் கல் ஏற்றினான். நாலுக்கு ஒரு கல் ஏற்றினால் டீசலுக்கும் ஃபைனான்ஸ் தவணைக்குமே போய்விடும், வீட்டுக்கு அரிசி வராது. அதனால் நாலுக்கு ஏற்றுகிறவன் கட்டாயம் இரண்டாவது கல்லையும் ஏற்றுவான். லாரி தாங்கும், சங்கிலி தாங்காது. அருப்புக்கோட்டை தாண்டி ஒரு ஆடு குறுக்கே வந்தது, பிரேக் போட்டான். லாரி நின்றது, கல் நிற்கவில்லை. பின்னாலிருந்து கேபினுக்குள் வந்துவிட்டது.

தகவல் வந்து நானும் நல்லகாமனும் கண்ணுச்சாமியின் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போனோம். ஸ்டியரிங்குக்கும் கல்லுக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இல்லை. நல்லகாமன் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினான். கல் அசைந்து மறுபடி உட்கார்ந்தபோது அவனுடைய வலது கைச் சுண்டுவிரல் அதற்கடியில் நசுங்கிப் போய்விட்டது. அவன் கையை உருவிக்கொண்டு, துண்டைச் சுற்றிக்கொண்டு, மறுபடியும் நெம்பினான். வெளியே எடுத்தபோது அது கண்ணுச்சாமிதான் என்று அவன் பெண்டாட்டி அரைஞாண் கயிற்றைப் பார்த்துத்தான் சொன்னாள். நான் சாலையோரம் உட்கார்ந்து குடல் வெளியே வருகிற மாதிரி வாந்தி எடுத்தேன்.

அதற்குப் பிறகு நாலுக்கு ஏற்றின லாரி எதுவும் எங்கள் ஸ்டாண்டில் முழுக் கண்ணாடியோடு நின்றதில்லை. உடைப்பவன் நல்லகாமன்தான். வெளியூர் டிரைவர் ஒருவனை முடியைப் பிடித்துக் கேபினிலிருந்து கீழே இழுத்துப் போட்டு மிதித்திருக்கிறான். "தொழில் பண்றியா, ரவுடித்தனம் பண்றியா?" என்று நான் கேட்டதற்கு, "ரெண்டும் ஒண்ணாத்தேண்ணே கெடக்கு" என்றான்.

இப்போது அழகுபாண்டி விஷயத்துக்கு வருகிறேன். அவனுக்கு இருபத்துநாலு வயசு. அக்காள் தாமரைச்செல்வி தன் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்து அவனுக்கு லாரி வாங்கக் கைகொடுத்திருந்தாள். தாய் தகப்பன் இல்லாத பையன், அவள் இடுப்பில் தூக்கி வளர்த்தவன். அவன் கையை முறித்துவிட்டு நல்லகாமன் வீட்டுக்குப் போனபோது அவள் உலை வைத்திருந்தாள். கொதிக்கிற பானையைத் தூக்கி அவன் காலடியில் போட்டு உடைத்தாள்.

"என் ஒத்தத் தம்பி கைய ஒடிச்சுப்புட்டுச் சோத்துக்கா வந்தீக? போயிக் கல்லத் தின்னுங்க."

அவன் பாதத்தில் கொப்புளம் வந்தது. அவன் ஏன் அடித்தேன் என்று சொல்லவும் இல்லை, அவள் கேட்கவும் இல்லை. துணியைச் சுருட்டிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனவள் திரும்பி வரவில்லை. இதெல்லாம் எனக்கு அவன் சொல்லித்தான் தெரியும். சொல்லும்போது அவன் அழுதான். அழுதுகொண்டே, "நாலுக்கு எவனாச்சும் ஏத்தட்டும், இன்னமும் அடிப்பேன்" என்றான். இந்த மனுஷனை என்ன செய்வது, சொல்லுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் குவாரிக்காரர்கள் இனி நாலுதான், அஞ்சு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் ஆட்கள் ஏற்ற மாட்டோம் என்று நின்றார்கள். வாரக்கணக்கில் லாரிகள் ஸ்டாண்டில் தூங்கின. ஃபைனான்ஸ்காரன் அடியாட்களோடு வந்து சின்னக்கருப்பன் என்பவனின் லாரியை எடுத்துப் போனான். சின்னக்கருப்பன் முன்சக்கரத்துக்கு முன்னால் படுத்துக்கொண்டான். இரண்டு காலையும் பிடித்துத் தரதரவென்று ரோட்டின் ஓரத்துக்கு இழுத்தார்கள், முதுகுத் தோல் தாரில் ஒட்டிக்கொண்டது. இன்னும் எத்தனை நாள் தாங்கும் இந்த அஞ்சு என்று எல்லோரும் நல்லகாமன் முகத்தைப் பார்த்தார்கள்.

கடைசியில் ஒரு குவாரியின் ஏஜெண்டு மலையாண்டி வந்தான். வெள்ளைச் சட்டை, தோளில் துண்டு. பழைய மாட்டுத் தரகன். மாட்டுச் சந்தையில் தரகர்கள் விலையை வாயால் பேச மாட்டார்கள். கை மேல் துண்டைப் போட்டு மறைத்துக்கொண்டு, உள்ளே எதிராளியின் விரலைப் பிடிப்பார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு. கையை முழுதாகப் பிடித்தால் அஞ்சு. பேசினவர்களைத் தவிர யாருக்கும் விலை தெரியாது.

"மொதலாளி எறங்கி வந்துட்டாருன்னு பக்கத்துக் குவாரிக்குத் தெரியக் கூடாதுய்யா. துறைமுகத்துல கப்பல் வந்து நிக்குது. துண்டுக்குள்ள முடிச்சுக்குவோம்" என்றான் மலையாண்டி.

ஸ்டாண்டு முழுக்கச் சுற்றி நிற்க, டீக்கடை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தார்கள். நல்லகாமன் வலது கையை நீட்டினான். துண்டு விழுந்தது. உள்ளே என்ன நடந்தது என்று எவனுக்கும் தெரியாது. மலையாண்டி அவன் கண்ணையே பார்த்தான். நல்லகாமன் முகம் தெளிந்து தலையை ஆட்டினான். எழுந்து வந்து எங்களிடம், "முழுக் கையப் புடிச்சுட்டான். அஞ்சு" என்றான். சோணைமுத்து என்ற டிரைவர் அவனைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு ஆடினான். நானும் ஆடினேன், பொய் சொல்வானேன்.

மறுநாள் லாரிகள் எல்லாம் குவாரிக்குப் போயின. கமிஷன் வாங்க நானும் மொபெட்டில் போனேன். அழகுபாண்டியும் வந்திருந்தான். இடது கையில் மாவுக்கட்டு, ஓட்டுவதற்கு ஒரு கூலி டிரைவர், இவன் பக்கத்து சீட்டில். அக்காள் புருஷன் இருக்கும் பக்கம் திரும்பவே இல்லை. பள்ளத்துக்குள் ஊன்றியிருந்த கிரேன் ஒவ்வொரு லாரியிலும் ஒரு கல்லாக வைத்தது. நல்லகாமன்தான் முதலில் ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தான். எடை மேடைக்குப் பக்கத்து அறையில் மலையாண்டி அட்வான்ஸ் கொடுத்தான். நல்லகாமன் வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"என்னய்யா, நாலுக் கணக்குல குடுக்குற?"

"நாலுக்குத்தானப்பா பேசுனோம்."

"முழுக் கையப் புடிச்ச. முழுக் கைன்னா அஞ்சு."

மலையாண்டி சிரித்தான். "ஒங் கையில எத்தன வெரலு இருக்கு, எண்ணிப் பாரு. நாலு வெரலப் புடிச்சேன். நீதான தலைய ஆட்டுன?"

நான் அவன் கையைப் பார்த்தேன். அவனும் பார்த்தான். கண்ணுச்சாமிக்குக் கொடுத்த சுண்டுவிரல் அங்கே இல்லை. அது இல்லாமல் அவன் கியர் போடுவதையும் சங்கிலி கட்டுவதையும் பார்த்துப் பார்த்து எங்களுக்கே அது மறந்துபோயிருந்தது. அவனுக்கும்தான். ஆயுசு முழுக்க அடுத்தவன் விரலைத் தடவிப் பிழைத்த மலையாண்டிக்கு மட்டும் மறந்திருக்காது. வேண்டுமென்றேதான் செய்தான், அவன் நாசமாய்ப் போக.

நல்லகாமன் இடது கையை அவன் மூஞ்சிக்கு முன்னால் நீட்டினான். "இந்தா, இதப் புடி. இதுல அஞ்சும் இருக்கு."

"பேரம் ஒரு தடவதேன்" என்றான் மலையாண்டி.

அடுத்த நிமிஷம் மலையாண்டியின் தலை ஜன்னல் கம்பியில் மோதியது. நல்லகாமன் அவன் கழுத்தைப் பிடித்து மறுபடி மறுபடி மோதினான். வெள்ளைச் சட்டை சிவப்பாகிவிட்டது. குவாரி ஆட்கள் கடப்பாரையோடு ஓடி வந்தார்கள். முதுகில் விழுந்த அடியில் நல்லகாமன் முழங்காலிட்டான். பின்னால் காத்திருந்த எங்கள் டிரைவர்களும் ஓடி வந்தார்கள். காப்பாற்ற வருகிறார்கள் என்று நினைத்தேன். சோணைமுத்து அவன் சட்டையைப் பிடித்து, "இவன்கிட்ட எம்புட்டு வாங்குன?" என்று கேட்டான். நேற்று தோளில் தூக்கி ஆடினவன். நல்லகாமன் அவன் வாயிலேயே குத்தினான். "ஒரு பைசா வாங்கியிருந்தா என் வம்சம் வெளங்காது" என்று கத்தினான். எவன் நம்பினான்?

மலையாண்டி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். தரகன் புத்தி, அந்த நிலைமையிலும் வியாபாரம்தான் பேசினான்.

"கட்டுபடி ஆகலன்னா ரெண்டாவது கல்ல ஏத்திக்கங்கய்யா. கிரேன் சும்மாதேன் நிக்குது. எவன் வேணாங்குறான்?"

வாரக்கணக்கில் பட்டினி கிடந்தவர்கள். ஒருவன் முகத்தை ஒருவன் பார்த்தார்கள். அப்போது அழகுபாண்டி முன்னால் வந்தான்.

"எனக்கு ஏத்து" என்றான்.

நல்லகாமன் தவழ்ந்தமாதிரி எழுந்து அவனிடம் போனான். அவன் யாரிடமும் கெஞ்சி நான் பார்த்ததில்லை. "மாப்ள, வேணாம்டா. ஒங்கக்காவுக்கு நீ ஒருத்தன்தேன்டா. என்னைய என்ன வேணாலும் செய்யி, ரெண்டாவது கல்லு வேணாம்டா" என்று மச்சினன் காலில் விழுந்தான். பெண் எடுத்த மாப்பிள்ளை, வயசில் மூத்தவன், அத்தனை பேர் பார்க்கப் புழுதியில் விழுந்தான்.

அழகுபாண்டி அவன் மேல் காறித் துப்பினான். "நாலுக்கு ஏத்துனேன்னு என் கைய முறிச்ச. இன்னைக்கு ஊரையே நாலுக்கு வித்துப்புட்ட. நீ எனக்குச் சொல்லாத" என்று சொல்லிவிட்டு லாரியில் போய் ஏறினான். கிரேன் இரண்டாவது கல்லைத் தூக்கி வைத்தது. ஸ்பிரிங் பட்டை வளைவு போய் நேராகிவிட்டது. அடுத்து எனக்கு, அடுத்து எனக்கு என்று மற்றவர்களும் கிரேன் பக்கம் நகர்ந்தார்கள்.

நல்லகாமன் முகத்தைத் துடைத்துக்கொண்டு தன் லாரிக்குப் போனான். கல்லைக் கட்டியிருந்த சங்கிலியை அவிழ்த்தான். கல் நகராமல் முட்டுக்கொடுத்திருந்த அடைப்புக் கட்டைகளை உருவி எறிந்தான். "என்னடா பண்ற?" என்று ஓடினேன்.

"மொபெட்ட எடுத்துக்கிட்டு அங்கிட்டுப் போங்கண்ணே" என்றான்.

அந்தக் குவாரிக்கு வழி ஒன்றுதான். இரண்டு பக்கமும் கழிவுக் கல் மலையாகக் குவிந்திருக்க நடுவில் ஒரு லாரி போகிற வாசல். அவன் லாரியை வாசலுக்கு வெளியே மேட்டுக்கு ஓட்டினான். அங்கிருந்து ரிவர்ஸில் சரிவில் வேகமாக இறங்கி வந்து, வாசல் நடுவில் பிரேக்கை மிதித்தான். கல் பின்பக்கமாக வழுக்கியது. அதன் கனத்தில் லாரியின் முன்சக்கரங்கள் தரையை விட்டு எழும்பின, கேபினோடு அவனும் மேலே போனான். கல் வாசலில் விழுந்தபோது என் காலுக்குக் கீழே தரை ஆடியது. லாரியின் முன்பக்கம் டமாலென்று கீழே விழுந்தது. அச்சு பிளந்து எண்ணெய் ஒழுகியது, சேஸ் கோணிவிட்டது. வாசல் அடைபட்டுப்போனது. பள்ளத்தில் ஊன்றின கிரேன் வாசலுக்கு வர முடியாது. உள்ளே இருக்கும் ஒரு லாரியும் இனி வெளியே போக முடியாது.

குவாரி ஆட்கள் அவனைக் கேபினிலிருந்து இழுத்தார்கள். எத்தனை பேர் அடித்தார்கள் என்று தெரியவில்லை, கூட்டத்துக்குள் கடப்பாரை ஏறி இறங்குவது மட்டும் தெரிந்தது. நான் கத்தினேன். எங்கள் டிரைவர்கள் பேயறைந்தமாதிரி நின்றார்கள். அப்போது அழகுபாண்டி கல்லின் மேல் ஏறிக் குதித்து வந்தான், நல்ல கையில் ஜாக்கி ராடு. அடித்தவர்கள் விலகி வழி விட்டார்கள். அவன் ராடை ஓங்கி நல்லகாமனின் வலது முழங்காலில் ஒரே அடி அடித்தான். சில்லு உடைந்தது.

நல்லகாமன் கத்தவில்லை. மண்ணில் கிடந்தபடி மச்சினனை அண்ணாந்து பார்த்து, "ரெண்டாவத எறக்குடா" என்றான்.

அழகுபாண்டி கையிலிருந்து ராடு விழுந்தது. குவாரி ஆள் ஒருவன் மறுபடி கடப்பாரையை ஓங்கியபோது சோணைமுத்து பாய்ந்து அவனைக் கட்டிப் புரண்டான். அப்புறம்தான் எங்கள் ஆட்களுக்கு ரோஷம் வந்தது. கல் பறந்தது, மண்டைகள் உடைந்தன. மலையாண்டி அறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

கல்லை எடுக்க வேறு ஊரிலிருந்து பெரிய கிரேன் வர வேண்டும், அதுவரைக்கும் கப்பல் நிற்காது. பொழுது சாய்வதற்குள் முதலாளியே வந்து வாசலுக்கு வெளியே நின்று, துண்டும் இல்லாமல் ஒன்றும் இல்லாமல், எல்லோர் காதிலும் விழ, "அஞ்சு" என்றார். வாசலை மட்டும் எப்படியாவது திறந்து விடச் சொன்னார். உள்ளே நின்ற லாரிகளில் சங்கிலி கட்டி எங்கள் ஆட்கள் கல்லை ஓரமாக இழுத்துப் போட்டார்கள். அந்த அஞ்சு பிறகு வருஷக்கணக்கில் நின்றது. டீசல் ஏற ஏற அதுவும் ஏறியது. ஆனால் அந்த வாடகைக்கு நல்லகாமன் ஒரு லோடுகூட அடிக்கவில்லை. லாரியை ஃபைனான்ஸ்காரன் இரும்பு விலைக்குக் கட்டி இழுத்துப் போனான். அவன் கால் இன்று வரை மடங்காது. என் ஆபீஸ் பெஞ்சில்தான் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். நான் பிடிக்கிற லோடில் பாதியைச் சரி வராது என்று கெடுக்கிறான், படுபாவி.

இது எல்லாம் பின்னால் நடந்தது. நான் சொல்ல வந்தது அன்றைக்குச் சாயங்காலத்தைப் பற்றி. பெரியாஸ்பத்திரியில் அவனைப் போட்டிருந்தோம். தலையில் தையல், விலாவில் கட்டு, முழங்காலில் ரத்தம் நிற்கவில்லை. தாமரைச்செல்விக்கு யாரோ சொல்லி ஓடி வந்தாள். உலைப் பானையை உடைத்துவிட்டுப் போனவள் அன்றைக்குத்தான் புருஷனைப் பார்க்கிறாள். கட்டிலைச் சுற்றி வந்து ஒவ்வொரு காயமாகப் பார்த்தாள். முழங்காலுக்கு வந்ததும் நின்றாள்.

"இது ஆரு அடிச்சது?"

"கல்லு விழுந்துருச்சு" என்றான் நல்லகாமன். நான் தரையைப் பார்த்தேன்.

வாசல் பக்கமிருந்து, "நான்தேன்க்கா அடிச்சேன்" என்று குரல் வந்தது. அழகுபாண்டி எப்போது வந்து நின்றான் என்று தெரியவில்லை. சட்டையெல்லாம் அடிதடியில் தெறித்த ரத்தம். "எனக்கு ரெண்டாவது கல்லு ஏத்துனாக. நான் போகக் கூடாதுன்னு மச்சான் தன் கல்ல வாசல்ல போட்டு வண்டிய ஒடச்சுப்புட்டாரு. அந்தக் கோவத்துல அடிச்சுட்டேன்."

அவள் தம்பியையே பார்த்தாள். கண்ணுச்சாமி பெண்டாட்டியோடு கூட நின்று மாரடித்து அழுதவள் அவள். அன்றைக்கு அவன் உடம்பைத் துணியில் கட்டிக் கொண்டுவந்ததைப் பார்த்தவள்.

"மொதத் தடவ இவரு ஒன்னைய அடிச்சப்ப எத்தன கல்லுடா ஏத்திட்டுப் போயிருந்த?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். "ரெண்டுக்கா."

"ஒத்தக் கல்லுன்னுல்லடா எங்கிட்டச் சொன்ன."

அவள் போய் அவன் கன்னத்தில் அறைந்தாள். மறு கன்னத்திலும் அறைந்தாள். நர்ஸம்மா ஓடி வந்து பிடிக்கப் பிடிக்க அறைந்தாள். தம்பி நகராமல் நின்று வாங்கிக்கொண்டான்.

"அன்னைக்கே ரெண்டு கையையும் முறிச்சிருக்கணும்டா அவரு" என்றாள். சொல்லிவிட்டு அவனுடைய மாவுக்கட்டுக் கையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதாள்.